பூட்டும் சாவியும்: ஒருகைச் சேர்மங்களை ஆக்கிய வேதியியலார் வரலாறு

நம் கல்விக் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்வெள்ளிவிழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமென விழாக் குழுவினர் பணித்தனர். திண்டுக்கல் மலைக்கோட்டையைப் பற்றியோ, விருப்பாச்சி கோபால் நாயக்கரைப் பற்றியோ நாம் எழுதுவோம் என்றே அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். ஆனால் நாம் எடுத்துக்கொண்டது வேதியியலின் வரலாறு. கரிம வேதியியலில் ‘சமச்சீரற்ற தொகுப்பு’ எனப்படும் துறை எவ்வாறு பிறந்து வளர்ந்தது, அதில் தமிழர் ஒருவர் ஆற்றிய பணி யாது என்பதே இக்கட்டுரையின் பொருள். வரலாற்று ஆசிரியருக்கு வேதியியலில் என்ன அலுவல் என்று வினவுவோர்க்கு விடை கூறிவிட்டு மேற்செல்வது முறையாகும்.

நாம் மேல்நிலை வகுப்பில் அறிவியல் பிரிவில்தான் சேர்ந்தோம். அக்காலத்தில் வேதியியல் செய்முறை வகுப்பில் கரைசலை அளந்தெடுக்கப் பிப்பெட் என்னும் கண்ணாடிக் குழாயை வாயால் உறிஞ்ச வேண்டும். ஒருவர் வாய் வைத்த குழாயில் மற்றவரும் வாய் வைக்க நேரும் அல்லவா? ஆகவே நம் தெருப் பிள்ளைகள் நால்வருக்கும் தனியாக ஒரு பிப்பெட் ஒதுக்கப்பட்டிருந்தது. அது முனை உடைந்தது. முனை உடைந்த பிப்பெட் சரியான அளவைத் தராது. எனவே எம் நால்வரின் விடையும் ஒவ்வொரு வாரமும் பிழையாகவே வந்தது. ‘உங்களுக்குக் கணக்கு வராது’ என்று ஆசிரியர் கூறினார், நாமும் நம்பினோம். அறிவியலை விட்டு வரலாற்றுப் பட்டப்படிப்பிற்குச் சென்றோம். வரலாறு நம்மை வாழவைத்தது. அதில் குறையொன்றும் இல்லை. ஆயினும் அந்த உடைந்த பிப்பெட்டை நாம் மறந்தோமில்லை. ஓய்வு நேரங்களில் வேதியியலாரின் வாழ்க்கை வரலாறுகளைத் தேடிப் படிக்கலானோம். அவ்வாறு படித்ததில் நம் இளைஞர் அறியத்தக்கவற்றை ஈண்டுத் தொகுத்துத் தருகிறோம்.

தோல் பதனிடுபவரின் மகன்

லூயி பாஸ்டரை வெறிநாய்க்கடித் தடுப்பூசி கண்டவராக நாம் அனைவரும் அறிவோம். அவர் 1822ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் டோல் என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய தந்தையார் தோல் பதனிடும் தொழிலாளி. பின்னர் அக்குடும்பம் ஆர்புவா என்னும் சிற்றூரில் குடியேறியது. அங்கே வீடும் தோல் ஊறும் தொட்டிகளும் ஒரே இடத்தில் இருந்தன. திண்டுக்கல்லின் தோல் தொழிற்சாலைகளில் பணியாற்றிய பெற்றோரைக் கொண்ட நம் பிள்ளைகளுக்கு அந்த வீட்டின் மணம் எத்தகையது என்று விளக்க வேண்டுவதில்லை. தோலின் நாற்றம் எந்நாட்டிலும் ஒன்றே. ஆனால் அந்நாட்டில் தோல் பதனிடுபவரின் மகன் என்பதற்காக எவரும் பாஸ்டரைப் பள்ளிக்கு வெளியே நிறுத்தவில்லை.

பாஸ்டர் தம் இருபத்தைந்தாம் வயதில், 1848ஆம் ஆண்டு, பாரிசு நகரில் டார்டாரிக் அமிலத்தின் உப்புகளை ஆராய்ந்தார். திராட்சை மது ஊறும் தொட்டிகளின் அடியில் படியும் பொருளிலிருந்து பெறப்படுவது இவ்வமிலம். நம் வீட்டுக் குழம்பில் கரைக்கும் புளியின் புளிப்பிற்கும் இதுவே முதற்காரணம். ஒரே தளத்தில் அதிருமாறு வடிகட்டிய ஒளிக்கதிரை இவ்வமிலக் கரைசலின் ஊடே செலுத்தினால், ஒளியின் தளம் வலப்பக்கம் திரும்பும். ஆனால் அதே சேர்க்கையுடைய மற்றோர் அமிலம் அவ்வாறு திருப்பவில்லை. எடையும் தனிமங்களின் அளவும் ஒன்றாக இருக்க, ஒளிக்கு மட்டும் அவை வேறாகத் தோன்றியது ஏன் என்பது அன்றைய புதிர்.

பாஸ்டர் அந்த இரண்டாம் அமிலத்தின் சோடியம் அம்மோனியம் உப்பைப் படிகமாக்கி உருப்பெருக்கியில் நோக்கினார். படிகங்கள் இருவகையாக இருந்தன. ஒருவகை மற்றதன் கண்ணாடி பிம்பம் போலத் தோன்றியது. அவர் பொறுமையாக அமர்ந்து, கல்லையும் அரிசியையும் பிரிப்பதுபோல, இருவகைப் படிகங்களையும் ஒவ்வொன்றாகக் கையால் பிரித்தெடுத்தார். தனித்தனியே கரைத்தபோது ஒருவகை ஒளியை வலமாகவும், மற்றது அதே அளவு இடமாகவும் திருப்பின. சம அளவில் கலந்தபோது ஒன்றின் விளைவை மற்றது அழித்தது. மூத்த அறிஞரான பியோ என்பவர் இதை நம்பாமல், தம் கண்முன்னே மீண்டும் செய்துகாட்டுமாறு பணித்தார். பாஸ்டர் செய்துகாட்டினார்.

இங்கு ஒரு செய்தி கருதத்தக்கது. அவ்வுப்பு ஏறத்தாழ 27 பாகை செல்சியசுக்குக் கீழே படிந்தால்தான் இருவகைப் படிகங்களாகப் பிரியும். அதற்குமேல் வெப்பம் சென்றால் இரண்டும் கலந்தே படியும். சித்திரை வெயிலில் நம் ஊரில் செய்திருந்தால் பாஸ்டரின் சோதனை பலித்திராது. அறிவும் உழைப்பும் இருந்தாலும் அவை பலன் தரச் சூழலும் வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

பூட்டும் சாவியும்

படிகங்களில் பாஸ்டர் கண்ட வேறுபாடு மூலக்கூறின் அமைப்பிலேயே உள்ளது என்பதை 1874ஆம் ஆண்டு இரு இளைஞர் தனித்தனியே விளக்கினர். ஒருவர் இருபத்திரண்டு வயதான ஆலந்து நாட்டு வான்ட் ஹாஃப். மற்றவர் பிரான்சு நாட்டு லெ பெல். கார்பன் அணு தன் நான்கு கைகளையும் ஒரு நான்முகியின் மூலைகளை நோக்கி நீட்டுகிறது என்றும், நான்கிலும் வெவ்வேறு தொகுதிகள் அமைந்தால் அம்மூலக்கூறு இரு வடிவங்களில் இருக்க இயலும் என்றும் அவர்கள் காட்டினர்.

செருப்புத் தைப்போர்க்கு இது புதிய செய்தியன்று. இடக்காற் செருப்பும் வலக்காற் செருப்பும் ஒரே தோலில், ஒரே அளவில், ஒரே எண்ணிக்கைத் தையலோடு அமைந்தவை. தராசில் இட்டால் எடை ஒன்றே. எனினும் ஒன்றைத் திருப்பி மற்றொன்றாக்க இயலாது. மூலக்கூறுகளின் இருவடிவங்களும் அத்தகையனவே. இரண்டும் ஒரே வெப்பத்தில் உருகும். ஒரே அளவில் நீரில் கரையும். தம்மளவில் ஒன்றுக்கொன்று உயர்வும் இல்லை, தாழ்வும் இல்லை. கால் வந்து நுழையும்போதுதான் எது பொருந்தும், எது பொருந்தாது என்னும் வினா எழுகின்றது.

வான்ட் ஹாஃப் அதன்பின் ஒரு கால்நடை மருத்துவப் பள்ளியில் பணியாற்றினார். புகழ்பெற்ற செருமானிய வேதியியலாரான கோல்பே, அத்தகைய இடத்தில் பணிபுரிபவருக்கு உயர் வேதியியல் எதற்கு என்னும் பொருள்பட 1877ஆம் ஆண்டு ஏளனமாக எழுதினார். வேதியியலுக்கு முதன்முதலில் நோபெல் பரிசு வழங்கப்பட்டது 1901ஆம் ஆண்டு. அதைப் பெற்றவர் வான்ட் ஹாஃப். இன்ன இடத்திலிருந்து வருபவனுக்கு இந்த அறிவு எதற்கு என்னும் கேள்வி நமக்கு மட்டுமே உரியதன்று என்பதை இளைஞர் உணர்தல் வேண்டும்.

1894ஆம் ஆண்டு எமில் ஃபிஷர் என்னும் செருமானிய அறிஞர், உடலிலுள்ள நொதிக்கும் அது வினைபுரியும் சர்க்கரைக்கும் உள்ள பொருத்தத்தைப் பூட்டுக்கும் சாவிக்கும் உள்ள பொருத்தத்திற்கு ஒப்பிட்டார். பூட்டுத் தொழிலால் உலகறிந்த நம் ஊராருக்கு இவ்வுவமை எளிதில் விளங்கும். திண்டுக்கல் பூட்டுக்கு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. மாங்காய்ப் பூட்டின் சாவியைக் கண்ணாடியில் பார்த்து, அந்தப் பிம்பத்தைப்போல வேறொரு சாவி அராவினால், அது அதே இரும்பு, அதே எடை. ஆயினும் பூட்டுத் திறவாது. நம் உடலின் புரதங்கள் ஏறத்தாழ முழுவதும் ஒரேகை அமினோ அமிலங்களால் ஆனவை. எனவே உடல் என்பது ஒருகைப் பூட்டுகளின் களஞ்சியம். அதற்குள் செல்லும் மருந்தும் அந்தக் கைக்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும்.

புளியும் காசநோய் மருந்தும்

இது ஏட்டளவில் நிற்கும் செய்தியன்று. காசநோய்க்கு நம் மருத்துவமனைகளில் வழங்கப்படும் மருந்துகளுள் ஒன்று எத்தாம்பியூட்டால். 1961ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட இம்மருந்தின் வலம்திருப்பும் வடிவமே கிருமியை அடக்க வல்லது. அதன் கண்ணாடி பிம்பத்திற்கு அவ்வாற்றல் மிக மிகக் குறைவு. கண் நரம்புக்கு ஊறு விளைக்கக்கூடிய மருந்து இது என்பதால், பயனற்ற வடிவத்தையும் சேர்த்து நோயாளியின் உடலில் ஏற்றுவது தகாது. ஆகவே இதன் மூலப்பொருளாகிய அமினோ பியூட்டனாலின் இரு கைகளையும் முதலில் பிரித்தாக வேண்டும். அதற்குத் துணைசெய்வது எது தெரியுமா? புளியில் உள்ள அதே டார்டாரிக் அமிலம். ஒருகை அமிலம், இருகைக் கலவையில் தனக்கு இசைந்ததோடு உப்பாகிப் படிகிறது. மற்றது கரைசலில் தங்குகிறது.

காசநோய் ஏழையின் நோய். காற்றோட்டமில்லாக் குடிசையும் அரைவயிற்று உணவும் அதற்கு வாயில்கள். நம் தெருக்களில் அது கொண்டுசென்ற உயிர்கள் பல. சென்னையில் 1956ஆம் ஆண்டு நிறுவப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம், நகரத்து ஏழைகளிடையே ஆய்வு நடத்தி, மருந்தை ஒழுங்காக உட்கொண்டால் வீட்டிலிருந்தபடியே குணமடையலாம் என்பதை 1959ஆம் ஆண்டு உலகிற்கு நிறுவிக் காட்டியது. அந்த ஆய்வில் பயன்பட்டவை வேறு மருந்துகள். எத்தாம்பியூட்டால் பிற்காலத்தில் கூட்டுச் சிகிச்சையில் சேர்ந்தது. சானடோரியத்தில் படுக்கை கிடைக்காத ஏழைக்கு மாத்திரையே சானடோரியம் ஆயிற்று என்றால், அந்த மாத்திரையை ஆக்கும் வேதியியல் நமக்கு அயலானது என்று எங்ஙனம் கூறுவது?

கைவேறுபாட்டைக் கூறுவோர் தாலிடோமைடு மருந்தின் கொடுமையைச் சுட்டுவது வழக்கம். மேற்கு செருமனியில் 1957ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்து, 1961ஆம் ஆண்டு திரும்பப் பெறப்பட்ட அம்மருந்தைக் கருவுற்ற தாய்மார் உட்கொண்டதால் ஆயிரக்கணக்கான குழந்தைகள் உறுப்புக் குறைகளுடன் பிறந்தன. ஒரு வடிவத்தை மட்டும் கொடுத்திருந்தால் அக்குழந்தைகள் தப்பியிருக்கும் என்று பலர் எழுதுகின்றனர். அது முழு உண்மையன்று. அம்மருந்தின் இருவடிவங்களும் உடலினுள் ஒன்று மற்றொன்றாக மாறக்கூடியவை. கையைப் பிரித்தால் மட்டும் போதாது. உடலில் அது என்ன ஆகிறது என்பதையும் ஆராய்தல் வேண்டும் என்பதே அதிலிருந்து கற்கத்தக்கது.

பூனைக்காலி விதை

பிரித்தெடுக்கும் முறையில் ஒரு குறை உண்டு. ஆக்கிய பொருளில் சரிபாதி வேண்டாத கையாக நின்றுவிடும். தொடக்கத்திலேயே வேண்டிய கையை மட்டும் ஆக்க இயலாதா என்னும் கேள்வியிலிருந்து பிறந்ததே சமச்சீரற்ற தொகுப்பு.

இதன் வரலாற்றில் நம் மாநிலத்திற்கும் ஓர் இடம் உண்டு. சிறுவர் உடலில் பட்டால் அரிப்பெடுக்கும் பூனைக்காலிக் காயை நாம் அறிவோம். அதன் விதையிலிருந்து எல்-டோப்பா என்னும் அமினோ அமிலத்தைப் பிரித்தெடுத்த செய்தியைச் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த தாமோதரன், இராமசாமி என்னும் இருவர் 1937ஆம் ஆண்டு வெளியிட்டனர். நடுக்குவாத நோய்க்கு அதுவே சிறந்த மருந்து என்பது அதற்குக் கால் நூற்றாண்டு கழித்துத் தெளிவாயிற்று. தேவை பெருகியபோது அமெரிக்காவில் மான்சாண்டோ தொழிலகத்தில் பணியாற்றிய வில்லியம் நோல்ஸ் என்பவர், ரோடியம் என்னும் உலோகத்தோடு ஒருகை வடிவமுள்ள பாஸ்பரஸ் சேர்மத்தை இணைத்து ஒரு வினையூக்கியை ஆக்கினார். அவ்வினையூக்கி, காலின் வடிவில் செதுக்கிய மரஅச்சின்மேல் செருப்புத் தைப்பதுபோல, உருவாகும் மூலக்கூறை ஒரே கையாகவே உருவாக்கியது. 1970களில் எல்-டோப்பா தொழில்முறையில் இவ்வாறு ஆக்கப்பட்டது. 2001ஆம் ஆண்டு நோல்ஸ், சப்பானியரான நொயோரி, அமெரிக்கரான ஷார்ப்லெஸ் ஆகிய மூவரும் இத்துறைக்காக நோபெல் பரிசு பெற்றனர்.

இரண்டு டாலர் நூல்

நோல்சுக்கு முன்னரே இவ்வழியில் நடந்தவர் ஒருவர் உண்டு. அவர் ஹெர்பர்ட் சார்லஸ் பிரவுன். நாம் கூறவந்த தமிழ் அறிஞரின் ஆய்வுப் பரம்பரையை அறிய இவர் வரலாறு வேண்டும்.

உக்ரைன் நாட்டிலிருந்து பிழைப்புத் தேடி வெளியேறிய யூதப் பெற்றோர்க்கு 1912ஆம் ஆண்டு இலண்டனில் பிறந்தவர் பிரவுன். குடும்பம் அமெரிக்காவில் சிக்காகோ நகரில் குடியேறி, ஆணியும் பூட்டும் விற்கும் சிறிய இரும்புக்கடை வைத்தது. 1926ஆம் ஆண்டு தந்தை இறந்தார். பிரவுன் பள்ளியை விட்டுக் கடையில் அமர்ந்தார். கடையில் படித்துக்கொண்டே பொழுதைக் கழித்த அவர் மீண்டும் பள்ளி சென்று முடித்தார். சேர்ந்த கல்லூரியோ 1933ஆம் ஆண்டு பணமின்றி மூடப்பட்டது. ஆசிரியர் ஒருவர் தம் வீட்டு ஆய்வுக்கூடத்தில் இவருக்கும் சில மாணவர்க்கும் இடம் தந்தார். 1936ஆம் ஆண்டு பட்டம் பெற்றபோது, பின்னாளில் மனைவியான சாரா பேலன், பரிசாக ஒரு நூலை வாங்கித் தந்தார். போரான் ஹைட்ரைடுகள் பற்றிய நூல் அது. அப்பொருளைத் தேர்ந்தமைக்கு ஆழ்ந்த காரணம் எதுவும் இல்லை; புத்தகக் கடையில் மலிவாகக் கிடைத்த வேதியியல் நூல் அதுவே. விலை ஏறத்தாழ இரண்டு டாலர்.

அந்த நூலே பிரவுனின் வாழ்க்கையாயிற்று. பொற்கொல்லர் பற்றவைக்கப் பயன்படுத்தும் வெங்காரத்தில் உள்ள தனிமம்தான் போரான். அதன் ஹைட்ரைடு கார்பன் சேர்மங்களோடு எளிதில் இணைவதை 1956ஆம் ஆண்டு அவர் கண்டார். பைன் மரத்துப் பிசினிலிருந்து வடிக்கும் டர்ப்பன்டைனில் பைனீன் என்னும் ஒருகைச் சேர்மம் உள்ளது. கொடைக்கானல் மலையில் 1906ஆம் ஆண்டு முதல் நட்டு வளர்த்த பைன் காட்டைக் கண்டவர்க்கு அம்மர இனம் தெரிந்ததே. பிரவுன் பைனீனைப் போரானோடு இணைத்துக் கைவடிவமுள்ள வினைபொருள் ஒன்றை ஆக்கினார். 1961ஆம் ஆண்டு அவரும் சுவைஃபெல் என்பவரும் அதைக் கொண்டு கைத்தன்மையற்ற ஒரு சேர்மத்திலிருந்து ஆல்ககால் ஒன்றைத் தொகுத்தனர். நூறு மூலக்கூறுகளில் தொண்ணூற்று மூன்றுக்கும் மேல் ஒரே கையாக அமைந்தன. உயிருள்ள செல் மட்டுமே செய்யும் என்று கருதப்பட்ட செயலை மனிதன் குடுவையில் செய்தது கண்டு அறிஞர் வியந்தனர். 1979ஆம் ஆண்டு பிரவுனுக்கு நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

பெரியசாமியின் பணி

பர்டியூ பல்கலைக்கழகத்தில் பிரவுனிடம் பயின்ற உலகநாட்டு இளைஞருள் ஒருவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த மாரியப்பன் பெரியசாமி. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் பட் அவர்களிடம் ஆய்வுப் பயிற்சி பெற்று, அதன்பின் அமெரிக்கா சென்றவர். அங்கேயே தங்கிவிடாமல் தாயகம் திரும்பி ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1974ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அப்பல்கலைக்கழகத்தை இந்திய வேதியியலின் முன்னணி இடங்களுள் ஒன்றாக்கியவர்களில் அவரும் ஒருவர். 1996ஆம் ஆண்டு சாந்தி சுவரூப் பட்நாகர் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது.

அவருடைய பணியின் சிறப்பை ஒரு சொல்லில் கூறுவதானால், அரியதை எளியதால் செய்தல் எனலாம். போரான் ஹைட்ரைடு என்னும் வாயு நச்சுத்தன்மையுடையது. காற்றுப் பட்டால் தீப்பற்றக்கூடியது. செல்வ நாட்டு ஆய்வுக்கூடங்களில் அதைக் கையாள வசதிகள் உண்டு. நம் நாட்டுச் சிறிய ஆய்வுக்கூடங்களுக்கு அது இடர். பெரியசாமியும் அவர் மாணவரும் சோடியம் போரோஹைட்ரைடு என்னும் வெண்பொடியோடு அயோடினைச் சேர்த்து, வேண்டிய போரான் ஹைட்ரைடைக் குடுவையினுள்ளேயே பிறப்பித்துப் பயன்படுத்தும் வழியை வகுத்தனர். கார்பாக்சிலிக் அமிலங்களை ஆல்ககாலாக மாற்ற இவ்வழி உதவும் என்பதை 1991ஆம் ஆண்டு வெளியிட்டனர். அயோடின் என்பது காயத்திற்கு இடும் டிங்சரில் உள்ள அதே பொருள்.

அடுத்தது கைப்பிரிப்பு. பாச்சை உருண்டையில் உள்ள நாப்தலீனுக்கு உறவான நாப்தாலின் இரு மூலக்கூறுகளை இணைத்தால் பைநாப்தால் என்னும் சேர்மம் கிடைக்கும். அதன் இரு பகுதிகளும் ஒன்றையொன்று இடித்துக்கொள்வதால் நேராக நிற்கமாட்டாமல் முறுக்கி நிற்கும். வலமாக முறுக்கியது ஒருகை. இடமாக முறுக்கியது மறுகை. இச்சேர்மமும் இதிலிருந்து பெறுவனவும் சமச்சீரற்ற தொகுப்பில் மரஅச்சுப் போலப் பயன்படுபவை. ஆகவே ஒருகைப் பைநாப்தால் விலையுயர்ந்தது. இரு கைகளையும் பிரிப்பதற்குப் பெரியசாமி குழுவினர் போரிக் அமிலத்தையும் ஒருகை அமீன் ஒன்றையும் பயன்படுத்தும் முறையை 1999ஆம் ஆண்டு அளித்தனர். போரிக் அமிலம் நம் இளைஞர் கேரம் பலகையில் தூவும் பொடியே. அது நடுவில் நின்று இரண்டையும் பிணைக்க, ஒரு கையின் பிணைப்பு திண்மமாகப் படிகிறது, வடிகட்டிப் பிரித்துவிடலாம். புளியின் அமிலத்தைக்கொண்டு அமினோ பியூட்டனாலைப் பிரித்த அதே தத்துவம், இங்கே வேறு கருவிகளோடு வருவதைக் காண்க.

மூன்றாவது, உருவாக்குதல். மூன்று கார்பன் அணுக்கள் இரட்டைப் பிணைப்புகளால் ஒரே கோட்டில் நிற்கும் அல்லீன் என்னும் சேர்மங்களும் இருகை வடிவம் உடையவை. ஒருகை அமீனை வழிகாட்டியாக வைத்து, அதன் கைத்தன்மை அல்லீனுக்கு மாறிச் செல்லுமாறு, எல்லா வினைகளையும் ஒரே குடுவையில் நிகழ்த்தும் முறையை 2012ஆம் ஆண்டு அக்குழுவினர் வெளியிட்டனர். இடையில் பொருளை வெளியே எடுத்துத் தூய்மை செய்யும் வேலை இல்லாமையால் கரைப்பானும் நேரமும் மிச்சமாகின்றன.

இவ்வாய்வுகளில் பெரியசாமியின் பெயரோடு அவருடைய ஆய்வு மாணவர் பலரின் பெயர்களும் இடம்பெறுகின்றன. வேதியியல் தனியொருவர் தவமன்று. பலர் கைகோத்துச் செய்யும் தொழில். குடுவையைக் கழுவுபவரும் கட்டுரையை எழுதுபவரும் ஆய்வுக்கூடத்தில் ஒருவரே.

தோலில் ஒளிந்திருந்த வினையூக்கி

இத்துறையின் அண்மை வரலாறு நம்மை மீண்டும் தோலுக்கே அழைத்து வருகிறது. பெஞ்சமின் லிஸ்ட், டேவிட் மெக்மில்லன் ஆகிய இருவரும் 2021ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்றனர். விலையுயர்ந்த உலோகம் எதுவுமின்றி, சிறிய கரிம மூலக்கூறு ஒன்றே வினையூக்கியாக நின்று ஒருகைச் சேர்மத்தை ஆக்கும் என்பதை 2000ஆம் ஆண்டு இருவரும் தனித்தனியே காட்டியமைக்கு அப்பரிசு. லிஸ்ட் பயன்படுத்திய மூலக்கூறு புரோலின் என்னும் அமினோ அமிலம். அது எங்கே நிறைந்துள்ளது? விலங்குத் தோலின் புரதமாகிய கொலாஜனில்.

தோலைச் சுண்ணாம்புக் குழியில் இட்டு மயிர் நீக்கி, ஆவாரம்பட்டைச் சாற்றிலும் கடுக்காய் நீரிலும் ஊறவைத்து, அழுகும் பொருளை அழுகாப் பொருளாக்கிய நம் முன்னோர் செய்தது கொலாஜனின் வேதியியலே. எந்தச் சாற்றில் எத்தனை நாள் என்பதை விரலால் தொட்டும் நாவால் சுவைத்தும் அறிந்தனர். அவ்வறிவுக்கு ஏடும் இல்லை, பட்டமும் இல்லை, கிடைத்தது இழிபெயர் ஒன்றே. பின்னர்க் குரோமிய உப்புகள் வந்தபோது, அவற்றின் தீங்கை எடுத்துச் சொல்வாரின்றி வெறுங்காலோடு குழியில் இறங்கினர். தோல் கழிவுநீரால் கெட்ட நிலத்தையும் கிணற்றையும் பற்றி உச்சநீதிமன்றம் 1996ஆம் ஆண்டு அளித்த தீர்ப்பில் நம் மாவட்டத்தின் பெயரும் உள்ளது. வேதியியலை அறியாமல் அதனுள் வாழ்வது எத்துணை இடர் என்பதற்கு நம் ஊர் நீரே சான்று.

வலங்கையும் இடங்கையும்

கையைப் பற்றிய இவ்வரலாற்றை முடிக்குமுன், நம் நாட்டு வரலாற்றில் கை என்னும் சொல் செய்த கேட்டையும் நினைவுகூர்தல் வேண்டும். சாதிகளை வலங்கை என்றும் இடங்கை என்றும் பிரித்துப் பூசலிட்ட காலம் பல நூற்றாண்டு நீடித்தது. சென்னையில் 1652ஆம் ஆண்டிலும் 1707ஆம் ஆண்டிலும் இப்பூசல் கலகமாக வெடித்தது. ஊருக்கு வெளியே ஒருங்கே தள்ளப்பட்ட நம்மவருள்ளும் பறையர் வலங்கையாகவும் அருந்ததியர் இடங்கையாகவும் எண்ணப்பட்டு, எந்தத் தெருவில் யார் ஊர்வலம் போவது என்பதற்காக ஒருவரையொருவர் தாக்கினர். ஊருக்குள் நுழையும் உரிமை இருவருக்குமே இல்லை என்பதை எண்ணிப் பார்க்க மறந்தனர்.

வேதியியலிலும் வலம், இடம் உண்டு. ஆனால் தம்மளவில் இரண்டும் சமம் என்பதே அதன் முதற்பாடம். ஒன்று பயன்படுவதும் மற்றது பயன்படாததும் எதிரே உள்ள பூட்டைப் பொறுத்தது. ஒரு சாவி நுழையவில்லை என்றால் சாவியைப் பழிக்குமுன் பூட்டையும் பார்க்க வேண்டும். நால்வரின் விடையும் வாரந்தோறும் பிழையானால், நால்வரின் அறிவை ஐயுறுமுன் அவர் கையிலுள்ள பிப்பெட்டைப் பார்த்திருக்க வேண்டும். நாம் தலைமை ஆசிரியரான பின்னர் ஒவ்வோர் ஆண்டும் சூன் மாதத்தில் முதல்வேலையாக ஆய்வகக் கண்ணாடிக் கருவிகளை நாமே எடுத்து முனை பார்ப்பது இதன்பொருட்டே.

இன்று பிப்பெட்டை வாயால் உறிஞ்சும் வழக்கம் குறைந்து, இரப்பர்க் குமிழ் வந்துவிட்டது. கதவுகளும் முன்போல இல்லை. நம் ஊருக்கு அருகிலேயே காந்திகிராமப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் துறை உண்டு. மதுரையில் காமராசர் பல்கலைக்கழகம் உண்டு. சென்னையில் 1948ஆம் ஆண்டு நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் உண்டு; நம் முன்னோர் குழியில் நின்று அறிந்ததை அங்கே கருவிகளோடு ஆராய்கின்றனர். முனைவர் ஆய்வுக்குப் பட்டியல் வகுப்பு மாணவர்க்கென்றே மத்திய அரசின் ஆய்வு உதவித்தொகையும் உண்டு. ஆயினும் நம் பிள்ளைகள் பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றும், ‘வேதியியல் நமக்கு வராது’ என்று தாமே ஒதுங்குவதை இன்றும் காண்கிறோம். அந்தச் சொல் அவர்களுடையதன்று. யாரோ சொன்னது, வழிவழியாக வந்தது.

ஆதலின் நம் கழகத்தார்க்கு ஒரு வேண்டுகோள். மாலைநேர வகுப்பு நடைபெறும் கூடத்தில் ஓர் அலமாரியை ஒதுக்குவோம். அதில் சில பிப்பெட்டுகளும் பியூரெட்டுகளும், முனை உடையாதவையாக, இருக்கட்டும். பக்கத்தில் சில வேதியியல் நூல்களும் இருக்கட்டும். அவை விலையுயர்ந்தவையாக இருக்க வேண்டுவதில்லை. பிரவுனின் நூல் இரண்டு டாலர்தான். அதைக் கையில் எடுக்கப்போகும் பிள்ளை யார் என்பது இன்று நமக்குத் தெரியாது. அப்பிள்ளை வரும் நாளில் அலமாரி பூட்டியிராமல் இருப்பதைப் பார்த்துக்கொள்வது நம் கடமை.